அம்புக்குறிப் புத்தகம்

நாங்கள் மூன்று பேர். றிச்மண்ட் ஹில்லில், யங் வீதியில் இருக்கும் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறோம். ஒருவன் பொரிக்கிற சட்டியில், ஒருவன் மரக்கறி வெட்டுகிற மேசையில், ஒருவன் கோப்பை கழுவுகிற மெசினில். ஆள் வராத நாளில் மூன்றையும் ஒருவனே செய்வதும் உண்டு. மூவருக்கும் நாற்பது கிட்டுகிறது. மூவரும் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள். ஒருவரும் பட்டத்தோடு வெளியே வரவில்லை. ஒருவன் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடம், இரண்டு வருடம், புள்ளிவிபரவியலும் ஒரு பாடம். ஒருவன் வந்தாறுமூலையில் கலைப்பீடம். மற்றவன் வவுனியா வளாகத்தில் ஒரு வருடம். இதை எழுதுகிற கை ஒருவனுடையதுதான். ஆனால் எது யாருடைய வசனம் என்று இனிப் பிரிக்க முடியாது. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

ஒரு பனிக்கால இரவு யாரோ ஒரு மாணவர் மேசையில் ஒரு தடித்த புத்தகத்தை மறந்துவிட்டுப் போனார். கையுறைகளும் குடைகளும் கிடக்கிற தட்டில் அது மூன்று மாதம் கிடந்தது. கோடை தொடங்கும்போது தட்டைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். குப்பைக்குப் போக இருந்ததை நாங்கள் அறைக்குக் கொண்டுவந்தோம்.

றெக்ஸ் கிளைன் என்பவர் எழுதிய பாடநூல் அது. அமைப்புச் சமன்பாட்டு மாதிரியுருக்கள் பற்றியது. மொன்றியலில் கொன்கோடியாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தவர் அவர். முதற்பதிப்பு 1998இல் வந்தது. எங்களிடம் இருப்பது 2011இல் வந்த மூன்றாம் பதிப்பு. ஐந்தாவது 2023இல் வந்துவிட்டது. சமூகத்தைப் பற்றி, மனத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் எது எதற்குக் காரணம் என்பதைக் கணக்காக எழுதிப் பரிசோதிக்கிற முறையை அது சொல்லித் தருகிறது.

நாங்கள் படிக்கவென்று அதைத் திறக்கவில்லை. படம் இருந்ததால் திறந்தோம். பெட்டிகள், முட்டை வட்டங்கள், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிற அம்புக்குறிகள்.

"மச்சான், உது என்ன, தண்ணிக் குழாய் போடுற பிளானோ?" என்றான் வந்தாறுமூலைக்காரன்.

புள்ளிவிபரம் படித்தவன் சிரித்தான். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தான். பதினாறு, பதினேழு வருடத்துக்குப் பின் ஒரு சமன்பாட்டைப் பார்க்கிறான். விளங்குகிறதா என்று கேட்டோம். "எழுத்துக்களைத் தெரியுது" என்றான்.

*

விளங்கின மட்டும் சொல்கிறோம். பெட்டி என்றால் நேரே அளக்கக்கூடியது: சம்பளம், வயது, ஒரு கேள்விக்கு ஒருவர் கொடுத்த பதில். முட்டை வட்டம் என்றால் நேரே அளக்க முடியாதது: துக்கம், நம்பிக்கை, பயம். அதை மறைந்த மாறி என்று வைத்துக்கொள்ளலாம். துக்கத்தை ஒருவரும் தராசில் வைத்ததில்லை. ஆனால் நித்திரை வருகிறதா, பசிக்கிறதா, மற்றவர் முகம் பார்க்க மனம் வருகிறதா என்று கேட்கலாம். பதில்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கினால், அவற்றுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் பார்க்கலாம்.

வந்தாறுமூலைக்காரன் இதை நம்பவில்லை. "காணாத ஒண்டை எப்படிக் கணக்கில எழுதுறது?" என்றான்.

அவனுக்கு விடை எங்கள் ஊரிலேயே இருந்தது. நாங்கள் குடியிருக்கிற பேஸ்மென்றிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஹில்ஸ்வியூ வீதியில், டேவிட் டன்லப் வானாய்வு நிலையம் இருக்கிறது. வெள்ளைக் கோபுரம். 1935இல் திறந்தபோது அதன் 74 அங்குலத் தொலைநோக்கி உலகத்திலேயே இரண்டாவது பெரியது. அங்கே வேலை செய்த தொமஸ் போல்ற்றன் என்பவர் 1970களின் தொடக்கத்தில் அன்னப்பறவைக் கூட்டத்தில் இருக்கிற ஒரு நட்சத்திரத்தை இரவிரவாக அவதானித்தார். அது 5.6 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றி ஆடியது. சுற்றப்படுகிற பொருளைக் காணவில்லை. ஆட்டத்தைக் கொண்டு அதன் பாரத்தைக் கணித்து, அது கருந்துளையாகத்தான் இருக்கவேண்டும் என்று 1972இல் எழுதினார். இங்கிலாந்தில் இருவரும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, எங்களுக்கு லீவு நாள், மூவரும் அந்தக் கோபுரத்தைப் போய்ப் பார்த்தோம். வந்தாறுமூலைக்காரன் வேலிக்கு வெளியே நின்று, "சரி, ஒத்துக்கொள்ளுறன்" என்றான்.

*

இந்த அம்புக்குறி வேலையைத் தொடக்கியவர் செவெல் றைற் என்ற அமெரிக்கர். விவசாயத் திணைக்களத்தில் கினிப்பன்றி வளர்த்துப் பார்த்தவர். அவற்றின் உடம்பில் இருக்கிற வெள்ளைத் திட்டுக்கு எவ்வளவு பரம்பரை காரணம், எவ்வளவு சூழல் காரணம் என்று பாதை போட்டுப் பிரித்து 1920இல் எழுதினார். ஒரே பரம்பரையில், ஒரே கூட்டில், ஒரே தீனில் வளர்ந்த குட்டிகளும் ஒன்றுபோல் இருக்கவில்லை. மிச்சத்தை, வளர்ச்சியில் தற்செயலாக நேர்கிற கோணல் என்று வைத்தார்.

சமூகவியலுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஒட்டிஸ் டட்லி டன்கன். அவரும் பீற்றர் புளோவும் சேர்ந்து 1967இல் அமெரிக்கரின் தொழில் ஏற்ற இறக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். யங் வீதியும் மேஜர் மக்கென்சி வீதியும் சந்திக்கிற இடத்து நூலகத்தில் இருந்து, திங்கட்கிழமைகளில், அதைப் பற்றியும் தேடி வாசித்தோம். 1962இல் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம் எடுத்த விபரம். ஐந்தே ஐந்து பெட்டி: தகப்பனின் படிப்பு, தகப்பனின் தொழில், மகனின் படிப்பு, மகனின் முதல் வேலை, 1962இல் அவன் செய்த வேலை.

தகப்பனின் தொழிலில் இருந்து மகனின் 1962 வேலைக்கு நேரே போகிற அம்பின்மேல் 0.115 என்று இருக்கிறது. அதே தகப்பனின் தொழிலில் இருந்து மகனின் படிப்புக்கு 0.279. அந்தப் படிப்பில் இருந்து 1962 வேலைக்கு 0.394. பாதை வழியே போகும்போது பெருக்கவேண்டும், பெருக்கினால் 0.110. முதல் வேலை வழியாகப் போகிற பாதைகளையும் கூட்டினால் சுமார் 0.21 வருகிறது. அதாவது தகப்பன் மகனுக்கு நேரே கொடுத்ததைவிட, படிப்பு வழியாகவும் முதல் வேலை வழியாகவும் சுற்றிக் கொடுத்தது ஏறக்குறைய இரண்டு பங்கு. நேர்ப்பாதை, சுற்றுப்பாதை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர் என்று புள்ளிவிபரக்காரன் சொன்னான்.

எங்கள் தகப்பன்மாரை நாங்களும் எழுதிப் பார்த்தோம். ஒருவர் கூட்டுறவுச் சங்க மனேச்சர். ஒருவர் வாத்தியார். ஒருவர் வயல் செய்தவர். தகப்பன்மார் மூன்று மாதிரி, மகன்மார் ஒரே கழுவுதொட்டி. எந்த அம்பும் ஒட்டவில்லை.

அப்போதுதான் அந்தப் படத்தின் ஓரத்தில் இன்னோர் அம்பைக் கண்டோம். எந்தப் பெட்டியிலும் இருந்து வராமல், வெறுமையில் இருந்து வந்து கடைசிப் பெட்டியைக் குத்துகிற அம்பு. அதன்மேல் 0.753. படத்தில் எழுதாத எல்லாக் காரணங்களும் அதற்குள் அடக்கம். அந்த எண்ணை அதாலேயே பெருக்கினால் 0.567, அதாவது மனிதருக்கு மனிதர் தொழில் வேறுபடுவதில் நூற்றுக்கு 57 பங்கை அந்த ஐந்து பெட்டியும் சொல்லவில்லை. இந்த வெளியம்புக்கு எங்கள் பள்ளிக்கூடத் தமிழில் வழு என்று பெயர்.

"எங்கட சீவியம் முழுக்க உந்த வழுவுக்கைதான் கிடக்கு" என்றான் வன்னிக்காரன். அதுவரை இந்தப் புத்தகக் கதையில் அவன் வாய் திறந்ததில்லை.

பீற்றர் புளோ யார் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். 1918இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாஸிகளிடம் இருந்து தப்பி 1939இல் அமெரிக்காவுக்கு வந்தவர். அவருடைய பெற்றோர் ஔஷ்விற்சில் கொல்லப்பட்டார்கள். தகப்பனில் இருந்து மகனுக்கு அம்பு போட்ட மனிதரும் எங்களைப்போல் ஒரு அகதி. அந்த ஐந்து பெட்டியைப் போடும்போது தன் தகப்பனை நினைத்திருப்பாரா என்று அன்றிரவு கதைத்துக்கொண்டு படுத்தோம்.

*

வன்னிக்காரனைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தப் பகுதியை அவன் வாசித்து, இரண்டு இடத்தில் வெட்டி, மிச்சத்தைப் போடச் சொன்னான்.

2006இல் வளாகத்தில் இருந்து லீவுக்கு வீட்டுக்குப் போனவன். ஆகஸ்டில் பாதை பூட்டியது. பிறகு அவன் திரும்பிப் படிக்கப் போகவில்லை. 2009 மே மாதம் வரை உள்ளே இருந்தான். தாயை மாத்தளனில் இழந்தான். மெனிக் பாமில் இருந்து வெளியே வந்து, தாய்லாந்து போய், 2010 ஆகஸ்ட் 13ஆம் திகதி 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த சன் சீ கப்பலில் வந்து இறங்கியவன்.

சென்ற மாரியில் அவனுக்கு நித்திரை இல்லாமற் போனது. குடிக்கத் தொடங்கினான். இரண்டு முறை கை வெட்டினான். ஒரு நாள் கடை பூட்டிய பின்பும் எண்ணெய்ச் சட்டியை நிற்பாட்ட மறந்து வந்துவிட்டான். நாங்கள் ஓடிப்போய் நிற்பாட்டியிராவிட்டால் கட்டடம் எரிந்திருக்கும்.

நாங்கள் இருவரும் என்ன செய்தோம்? "முள்ளிவாய்க்கால் அவனை விடாது" என்று சொன்னோம். வந்தவர்களுக்கும் அதையே சொன்னோம். சொன்னவுடன் எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெயர் அவ்வளவு பெரியது. அதைச் சொன்னால் கதை முடிந்துவிடும். அவனுடைய கதையும் அங்கேயே முடிந்துவிடும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

புத்தகம் வந்த பிறகு, எங்களைப் பற்றி யாராவது இப்படி அம்புபோட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று தேடினோம். இருந்தார்கள். காயத்திரி பெர்னாண்டோ, கெனத் மில்லர், டேல் பேர்ஜர் என்ற மூவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு: இலங்கையில் சிங்கள, தமிழ், முஸ்லிம் இளம்பிள்ளைகள் 427 பேர், சராசரி வயது பதினாலரை. யுத்தமும் சுனாமியும் அவர்களுடைய மனத்தை நேரேயும் தாக்கியிருந்தன. ஆனால் தாக்கத்தில் ஒரு பங்கு சுற்றுப்பாதையால் வந்தது: அன்றாடக் கஷ்டங்கள் வழியாக. யுத்தத்தோடு சம்பந்தமில்லாத கொடுமைகளும், வீட்டில் நடக்கிற துன்புறுத்தல் போன்றவை, தம் பங்குக்குத் தனியே வருத்தின. அதே வருடம் மில்லரும் அன்ட்றூ றாஸ்முசனும் இதைப் பொதுவாக எழுதினார்கள்: யுத்தம் கண்ட மக்களின் மனநோவை யுத்தத்தால் மட்டும் விளங்கப்படுத்தக்கூடாது, வறுமை, இடநெருக்கடி, தனிமை என்ற நடுப்பெட்டிகளையும் போடவேண்டும். ரொறன்ரோத் தமிழரிடையே மோர்ட்டன் பைசரும் சகாக்களும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வும், இங்கே வருமுன் பட்டதோடு வந்தபின் படுவதையும் சேர்த்தே பார்த்தது.

ஒரு ஞாயிறு இரவு இதை அவனுக்கு வாசித்துக் காட்டினோம். கோழி வந்த மட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் நாங்களே ஒரு படம் கீறி வைத்திருந்தோம். இடது பக்கம் '2009'. வலது பக்கம் 'நித்திரை இல்லை'. நடுவில் ஒரு அம்பு.

அவன் பேனையை வாங்கினான். நடுவில் நாலு பெட்டி கீறினான். தங்கச்சியின் கலியாணத்துக்கு வட்டிக்கு எடுத்த காசு. ஒவ்வொரு இரவும் கடை பூட்டுகிற ஷிப்ற். ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்து வருகிற போன். யன்னல் இல்லாத அறை. ஒவ்வொன்றுக்கும் அம்பு போட்டான். நாங்கள் கீறிய நேர் அம்பையும் திரும்பக் கறுப்பாக்கினான்.

"இதை வெட்டாதேங்கோ. இதுவும் இருக்கு. ஆனா இது ஒண்டுதான் எண்டு சொல்லாதேங்கோ" என்றான்.

யன்னல் இல்லாத அறையை அவனுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். வாடகை பிரிக்கும்போது அவன் கடைசியாக வந்தவன் என்று கொடுத்தோம். ஒன்பது வருடமாக அவன் அதில்தான் படுக்கிறான். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு எங்களால் நிமிர முடியவில்லை.

2009ஐ நாங்கள் என்ன செய்யமுடியும்? ஒன்றும் செய்யமுடியாது. நடுப்பெட்டிகளைத் தொடமுடியும். அறை மாறினோம். கடை பூட்டுகிற ஷிப்ற்றை மூவரும் மாறி மாறி எடுக்கத் தொடங்கினோம். தெரிந்தவர் பத்துப்பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்து முதற் சீட்டை அவனுக்குக் கொடுத்தோம், வட்டிக்காசு முடிந்தது. தமிழ் கதைக்கிற ஒரு டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமைப் போனை மட்டும் அவன் எங்களிடம் விடவில்லை. அது அவனுடையது.

இப்போது நாலைந்து மணித்தியாலம் படுக்கிறான். குடி குறைந்திருக்கிறது, விடவில்லை. குணமாகிவிட்டான் என்று எழுதினால் பொய்.

*

இந்தப் புத்தகத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த அதிகாரம், இந்த முறையைக் கொண்டு உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது எப்படி என்பது. பாடநூல் எழுதுகிறவர் அப்படி ஒரு அதிகாரம் எழுதுவாரா? எழுதியிருக்கிறார். தேவையான பெட்டியைப் போடாமல் விடுவது, அம்பை மாறிப் போடுவது, படம் தரவோடு பொருந்திவிட்டது என்பதால் அதுவே உண்மை என்று நம்புவது.

கடைசியாகச் சொன்னதுதான் பெரிய பொறி. ஒன்றில் இருந்து இரண்டு, இரண்டில் இருந்து மூன்று என்று அம்பு போட்டாலும், மூன்றில் இருந்து இரண்டு, இரண்டில் இருந்து ஒன்று என்று திருப்பிப் போட்டாலும் தரவு இரண்டுக்கும் ஒரேமாதிரிப் பொருந்தும். நித்திரை இல்லாததால் குடிக்கிறானா, குடிப்பதால் நித்திரை இல்லையா? எண்கள் தாமாகச் சொல்லமாட்டா. எது முன் நடந்தது என்று அறிந்த மனிதர் சொல்லவேண்டும். அதாவது அவனைத்தான் கேட்கவேண்டும்.

எங்கள் மட்டைப்பெட்டிப் படத்துக்கு விஞ்ஞானத்தில் ஒரு பெறுமதியும் இல்லை என்பதும் தெரியும். இப்படியான கணக்குக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேண்டும். நாங்கள் மூன்று பேர். அவன் படுக்கத் தொடங்கியது ஷிப்ற் மாறியதாலா, யன்னலாலா, அல்லது பனி முடிந்து வெயில் வந்ததாலா என்று எங்களால் பிரிக்க முடியாது. ஆனால் யன்னல் கொடுக்கிறதுக்கு நிரூபணம் தேவையில்லை.

*

இனி எங்களுடைய முறை. பட்டம் முடிக்காததற்கு நாங்களும் ஒரு நேர் அம்புதான் வைத்திருந்தோம். யுத்தம், அதனால் படிப்பு முடியவில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் பட்டம் பெறும் படங்களைப் பார்க்கும்போது அதைச் சொல்லிக்கொள்வோம். ஒருவரும் மறுத்ததில்லை.

வன்னிக்காரன் மறுத்தான். புள்ளிவிபரக்காரனைப் பார்த்து, "நீ 2008இல கம்பசால வெளிக்கிட்டனீ. அது யுத்தம்தான், ஒத்துக்கொள்ளுறன். அதுக்குப் பிறகு வந்த வருசமெல்லாம்? அதுக்கும் யுத்தமோ?" என்று கேட்டான்.

உள்ளதைச் சொன்னால், நடுவில் வேறு பெட்டிகள் இருந்தன. இங்கிலிஷ் சரிவராது என்ற பயம். சனி ஞாயிறில் கிடைக்கிற மேலதிகக் காசு. இருபது வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கிற வெட்கம். ஊரில் பட்டம் முடித்து வந்தவர்களும் பக்கத்துக் குசினியில் நிற்கிறார்கள், படித்து என்ன என்ற சமாதானம். நாலு பெட்டியில் மூன்றாவது ஒருவரும் வந்து எங்கள்மேல் போட்டதல்ல.

மூவரும் இருந்து மூன்று கடிதம் எழுதினோம். படித்த வருடங்களின் பெறுபேற்றைத் தரச்சொல்லி. யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, வந்தாறுமூலைக்கு ஒன்று. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. 2006இல் விட்டுப்போன ஒரு மாணவனின் புள்ளிகள் பழைய இடத்தில் இருக்குமா, புதிய இடத்தில் இருக்குமா என்று தெரியாததால் இரண்டுக்கும் எழுதினோம். இதுவரை ஒரு பதில் வந்திருக்கிறது: கட்டணம் எவ்வளவு, எந்தப் படிவம் என்று. வன்னிக்காரன்தான் அந்தப் படிவத்தை முதலில் நிரப்பினான்.

இந்தப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போனவர் இதை வாசித்தால், அல்லது அவரைத் தெரிந்தவர் யாராவது வாசித்தால், சஞ்சிகை முகவரிக்கு எழுதலாம். திருப்பித் தருவோம். அதில் ஓரங்களில் நிறையத் தமிழ் எழுதியிருக்கிறது. எண்ணெய்க் கறையும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கிறது. அதற்கு மன்னிக்கவேண்டும்.